காரி இழுக்காத கை

குழந்தைசாமி எனக்குப் பங்காளி. என்னைவிடச் சில மாதம் மூத்தவன். அண்ணன் என்று நான் கூப்பிட்டதில்லை, அவனும் அதை எதிர்பார்த்ததில்லை. அதனால் இதில் 'அவன்' என்றுதான் எழுதுவேன். மரியாதை தெரியாதவன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

பெயரில்தான் குழந்தை. ஆள் எந்த வீட்டு நிலைப்படியிலும் குனிந்துதான் நுழைய வேண்டும். இளவட்டத்தில் கிணறு வெட்டினான், கல்குவாரியில் சம்மட்டி அடித்தான். இப்போது இலுப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே கடலை, சோளம் போட்டுக்கொண்டு, கறவை மாடு வைத்துப் பிழைக்கிறான். இத்தனை வருட உழைப்பில் கை வலிக்கிறது என்று அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை. சம்மட்டிக்கு அசையாத அந்தக் கை ஒரு டிவிப் பொம்மையிடம் போய் விழுந்தது.

அவனைப் பற்றிச் சொன்னால் காரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காரி அவனுடைய ஜல்லிக்கட்டுக் காளை. வாடிவாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அதன் திமிலைப் பிடித்து நின்றவன் இதுவரை கிடையாது. அதே மாடு வீட்டில் பிரகதாம்பாளின் முந்தானையைச் சப்பிக்கொண்டு நிற்கும். பிரகதாம்பாள் அவன் பெண்டாட்டி, எனக்கு மதினி. தாய்ப்பசு செத்துப்போன கன்றைப் பாட்டிலில் பால் புகட்டித் தூக்கி நிறுத்தியது மதினிதான். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மதினி பேசுகிற பேச்சில் பாதி காரியிடம்தான். மீதிப் பாதி குழந்தைசாமியைத் திட்டுவது.

இலுப்பூர் பஜாரில் ஷேக் பரீது டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சார்ஜாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் அவரை மாப்ளே என்போம், அவர் எங்களை மாமா என்பார். வரும்போது பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். அதை டிவியில் செருகிவிட்டு, ஒரு வெள்ளைக் குச்சியைக் கையில் பிடித்து ஆட்டினால், டிவிக்குள் நிற்கிற பொம்மையும் அதேபோல மட்டையை ஆட்டும். பிள்ளைகள் செல்போனே போதும் என்று அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி கடைக்கு வந்துவிட்டது. ரிப்பேர் பார்த்த டிவியில் படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவருக்கு அது தோது.

குழந்தைசாமி தன் வீட்டு டிவியை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தான். சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு அதை வாங்கப் போனவனிடம் ஷேக் பரீது குச்சியை நீட்டினார்.

"ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க மாமா. படம் தெளிவாத் தெரியுதான்னு நீங்களே பாத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்."

விளையாட்டு டென்னிஸ். எதிரில் நின்றது ஒரு பெண் பொம்மை. பூசணிக்காய்த் தலை, கழுத்து என்று ஒன்று கிடையாது, முடி செம்பட்டை. அது அடித்த பந்து எதையும் இவனால் திருப்ப முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் அது கைதட்டிக் குதித்தது.

"என்னா மாப்ளே, என்னையப் பாத்துக் குதிக்குது?"

"அது மெசினு மாமா. ஜெயிச்சாக் குதிக்கும்."

"நான் ஜெயிச்சா?"

"தலையத் தொங்கப் போட்டுக்கிரும்."

"அப்பத் தொங்கப் போட வச்சுட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் செம்பட்டை தலையைத் தொங்கப் போடவில்லை. மறுநாள் பால் ஊற்றிவிட்டு மறுபடி போனான். அதற்கு மறுநாளும். டிவி அங்கேயே கிடந்தது. மதினி கேட்டதற்கு, ஏதோ ஒரு சாமான் திருச்சியிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தான்.

ஒரு நாள் நான் டார்ச் லைட் வாங்கப் போய் அந்தக் கூத்தைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலை அகட்டி நின்று, பாறையைப் பிளக்கிறவன்போல் வீசிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு வீச்சுக்கும் 'ஹா' என்று ஒரு சத்தம். கடைக்கு வந்த கூட்டம் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே போனால் அடி நிச்சயம்.

"மாமா, அம்புட்டு வேகம் வேணாம். மணிக்கட்ட லேசா அசைச்சாப் போதும்" என்று ஷேக் பரீது ஸ்டூலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு சொன்னார்.

"அசைச்சா அடி எப்புடிப்பா விழுகும்? நீ டிவியத்தான் கழட்டுவ. சம்மட்டி தூக்கிருக்கியா?"

அவன் அசுர வேகத்தில் வீசினாலும் பந்து அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. செம்பட்டை நோகாமல் திருப்பி அடித்தது. பிறகு குதித்தது.

இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில் குடிக்கத் தூக்கிய சொம்பு கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அன்றிலிருந்து முழங்கையில் பிடித்த வலி மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பால் கறக்க முடியவில்லை. மீசையை வலது பக்கம் முறுக்க முடியாமல் அந்தப் பக்கம் மட்டும் சோர்ந்து தொங்கியது.

பிராங்க்ளின் டீக்கடையில்தான் வினை ஆரம்பித்தது. கடைக்காரர் பிராங்க்ளின் எதையும் மெதுவாகக் கேட்கத் தெரியாதவர்.

"என்னாண்ணே, எடது கையில கிளாஸ்? வலது கைக்கு லீவா?"

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பொம்மையோடு பந்தாடிக் கை போய்விட்டது என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வான்? எங்கள் பக்கத்தில் மாட்டால் அடிபட்டவனுக்கு அது காயம் இல்லை, பட்டம். அவன் வாயில் அதுதான் வந்தது.

"காரி ஒரு இழுப்பு இழுத்துருச்சு. கயித்த விடுவனா நானு? கை தெறிச்சுப் போச்சு."

"அடேயப்பா! ஒங்க கையவே உருவிருச்சா? அப்ப வர்ற தையில அதப் பிடிக்க எவனுக்கு நெஞ்சு இருக்கு?" என்றார் பிராங்க்ளின். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து இவனுக்கு இடம் விட்டார்கள். இவனும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அந்த இழுப்பு எந்தத் திசையில் வந்தது என்பதுவரை விளக்கினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னை மட்டும் பார்க்காமல் பேசினான்.

அவன் மறந்துபோனது ஒன்று உண்டு. வாடியில் ஆளைத் தூக்கி வீசுகிற மாட்டை நாங்கள் கொண்டாடுவோம். கட்டுத்தறியில் சொந்த ஆள் மேல் திரும்பிய மாட்டை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம். அதற்குப் புத்தி மாறிவிட்டது என்று கணக்கு. மதினியின் சின்ன மாமா ஒருவர் தான் வளர்த்த மாட்டிடமே தொடை கிழிபட்டவர். மதினி சின்ன வயதில் அதைக் கண்ணால் பார்த்தவர்.

டீக்கடைப் பேச்சு எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மதினி அன்றோடு தொழுவத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

புதுக்கோட்டையில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டப் போனோம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட முடியாதவனை நானும் மதினியும் இரண்டு பக்கமும் அணைத்துக் கூட்டிப்போனோம். டாக்டர் முழங்கையில் ஒரு இடத்தை அழுத்தினார். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"எப்படி ஆச்சு?"

"மாடு இழுத்துருச்சுங்க" என்றார் மதினி.

"ஒரு தடவை இழுத்த மாதிரி இல்லையேம்மா. ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கைய வீசுனா நரம்பும் தசையும் நைஞ்சு வர்ற வலி இது. டென்னிஸ் ஆடுறவங்களுக்கு வரும்."

குழந்தைசாமிக்கு முகம் வெளிறிவிட்டது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவுக டென்னிஸ் ஆடுறாகளாமா! கோவணத்தோட கெணத்துல குதிச்ச ஆளுங்க இவுக." டாக்டரும் சிரித்தார். முழங்கைக்கு ஒரு பெல்ட்டும் மாத்திரையும் கொடுத்து, கையை ஆட்டாமல் வைத்திருக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் மதினியின் சிரிப்பு நின்றது. "டாக்டரு என்னமும் சொல்லட்டும். அடுத்த தடவ கையோட விடாது. அதக் குடுத்துருங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது.

மாட்டுத் தரகர் உதயசூரியனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சொந்தக்காரன் கையையே உருவிய மாடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மதுரைப் பக்கம் ஒரு ஆள் இருப்பதாக அவரே வந்து நின்றார். வியாழக்கிழமை வண்டி வரும் என்றார்.

நடுவில் இருந்த நாட்களில் அந்த வீட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. குழந்தைசாமி இடது கையால் கொண்டுவைத்த தவிட்டுத் தண்ணீரைக் காரி மோந்துகூடப் பார்க்கவில்லை. அடுப்படி ஜன்னலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. உள்ளே மதினி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் வேலி ஓரமாக வந்து என்னைக் கூப்பிட்டான். "பங்காளி, நீ போயி அவகிட்டச் சொல்லேன். காரி என்னைய ஒண்ணும் பண்ணலன்னு."

"நான் எதுக்குடா சொல்லணும்? கையும் ஒன்னோடது, வாயும் ஒன்னோடது."

"டீக்கடையில தல காட்ட முடியாதுடா."

"அப்ப மாட்டக் குடுத்துட்டுப் போயி பெஞ்சில உக்காரு. எடம் விடுவாக."

என்னை முறைத்துவிட்டுப் போய்விட்டான்.

வியாழக்கிழமை உதயசூரியன் மினி வேனோடும் புதுக்கயிற்றோடும் வந்தார். மாடு கைமாறும்போது பழைய கயிறு விற்றவன் வீட்டோடு நின்றுவிடும், வாங்கியவன் தன் கயிற்றைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அவர் பழைய கயிற்றில் கை வைத்ததும் குழந்தைசாமி குறுக்கே போய் நின்றான்.

"நில்லுங்கண்ணே. மாடு என்னைய இழுக்கல."

"அப்பறம் கை?"

"டென்னிசு ஆடுனேன்."

உதயசூரியன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "மாட்டக் குடுக்க மனசில்லைன்னா மனசில்லைன்னு சொல்லு கொழந்தசாமி. இப்புடியுமா ஒரு பொய்யி?"

வாசலில் நின்ற மதினி பொரிந்து தள்ளினார். "டாக்டரு வெளையாட்டுக்குச் சொன்னதப் பிடிச்சுக்கிட்டு மாட்டுக்காகக் கத கட்டுறீகளா? நாளைக்கு ஒங்கள வாரிப் போட்டுச்சுன்னா நான் எங்கிட்டுப் போயி நிக்கிறது?"

அவன் என் பக்கம் திரும்பினான். "பங்காளி, மாப்ளைக்குப் போனப் போடு. டிவியையும் பெட்டியையும் கொண்டாரச் சொல்லு."

ஷேக் பரீது டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அத்தே, மாமா நெசமாத்தான் ஆடுனாரு" என்று சாட்சி சொன்னார். மதினி கேட்கவில்லை. "நீங்க அவுகளுக்குச் சோட்டாளி. சொல்லத்தான் செய்வீக."

ஆகவே ஆடிக் காட்டுவது என்று ஆனது. பெட்டியைச் செருகினார்கள். ஜன்னலில் ஊரே தலையாகத் தொங்கியது, பிராங்க்ளின் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார். குழந்தைசாமி பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குச்சியைப் பிடித்தான். செம்பட்டை வந்து நின்றது.

முதல் பந்துக்கு வீசினான். "ஆத்தாடி!" என்று ஒரு அலறல். இரண்டாவது பந்துக்குச் சத்தம் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது, கண்ணிலிருந்து. மூன்றாவதில் குச்சி கையை விட்டு நழுவி, மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கியது. முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஆறடி ஆளும் தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கும் அவனால் ஒரு பந்தைக்கூடத் திருப்ப முடியவில்லை. டிவிக்குள் செம்பட்டை கைதட்டிக் குதித்தது.

மதினி பொம்மையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார்.

"இவகிட்டயா?"

"ம்."

"டிவிச் சாமான் திருச்சியிலேருந்து வரணும்னு சொன்னது பூராம்?"

"ம்."

"ஒரு தடவையாச்சும் ஜெயிச்சீகளா?"

குழந்தைசாமி தலையை இடதும் வலதும் ஆட்டினான்.

மதினி மூச்சை இழுத்து விட்டார். "அப்ப நெசந்தான். பொய்யின்னா ஜெயிச்சேன்னுல்ல சொல்லிருப்பாக இவுக" என்றார். உதயசூரியன் பக்கம் திரும்பி, "ஒங்க கயித்த எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. மாடு குடுக்குறதா இல்ல" என்று சொல்லிவிட்டு, தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். காரி வாளிக்குள் முகத்தை முக்கால்வாசி அமுக்கிவிட்டது. மதினி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒன் மேல பழியப் போட்டுட்டு டீ குடிச்சிருக்காரு பாரு. வாயிருந்தா நீ சொல்லிருப்ப. நான்தான் கூறு கெட்டுப் போனேன்." மாடு தலையைத் தூக்கி, தவிடு ஒழுகுகிற மூஞ்சியை மதினியின் சேலையில் துடைத்தது. சேலையும் நல்ல சேலை. மதினி அதைத் தட்டிக்கூட விடவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து உதயசூரியனின் 'ஹா' சத்தம் கேட்டது. ஒரே ஒரு பந்து என்று குச்சியை வாங்கியிருக்கிறார். "மணிக்கட்டு மட்டும்ணே, மணிக்கட்டு மட்டும்" என்று ஷேக் பரீது கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் பேச்சை இந்த ஊரில் யார் கேட்டார்கள்?

அன்றிலிருந்து குழந்தைசாமிக்கு டென்னிஸ்காரர் என்று பெயர். பிராங்க்ளின் கடையில் பெஞ்சில் யாரும் இடம் விடுவதில்லை. சுவரில் சாய்ந்து நின்றுதான் டீ குடிக்கிறான்.

தை மாத ஜல்லிக்கட்டில் காரியின் முறை வந்தது. அவன் கை இன்னும் பாதிதான் தேறியிருந்தது, அதனால் மூக்கணாங்கயிற்றை நான்தான் உருவிவிட்டேன். அப்போது மைக்கில் கமிட்டிக்காரர் முழங்கினார்: "அடுத்து வர்றது நம்ம டென்னிஸ்காரர் மாடு! முடிஞ்சாப் பிடிச்சுப் பாருங்கப்பா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குழந்தைசாமி என்னைப் பிடித்து உலுக்கினான். "போயி மாத்திச் சொல்லச் சொல்லுடா."

போவதற்குள் காரி வெளியே பாய்ந்துவிட்டது. கிளம்பிய புழுதியில் ஆள் யார், மாடு எது என்று தெரியவில்லை. திமிலுக்குத் தாவிய இரண்டு பேர் மண்ணில் கிடந்தார்கள். காரி ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, மதினி பிடிகயிற்றோடு காத்திருந்த தோப்புப் பக்கம் ஓடியது.

"டென்னிஸ்காரர் மாடு வெற்றி! மாட்டுக்காரர் வந்து பரிசுக் கட்டில வாங்கிக்கங்க!"

நான் மைக் மேடைப் பக்கம் கிளம்பினேன். அவன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"விட்றா பங்காளி. பேரு என்னமோ ஆயிட்டுப் போகுது. மாடு யாருதுன்னா, என்னோடதுன்னுதான சொல்றான்."