வளைவில் மூன்று ஊதல்

ஆற்றின் அந்த வளைவில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் நெருங்கும் படகு ஒரு நீண்ட ஊதல் ஊத வேண்டும். அந்தப் பக்கம் படகு இருந்தால் அதுவும் அப்படியே ஊதிப் பதில் சொல்ல வேண்டும். பயணிகள் படகு ஓட்டிய தம்பியும் சரக்குப் படகு ஓட்டிய அண்ணனும் ஒன்பது வருடம் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

அம்மா சாகக் கிடந்தபோது அண்ணன் நேரத்தில் சொல்லி அனுப்பவில்லை. தம்பி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றோடு பேச்சு அறுந்தது. பதில் ஊதலை மட்டும் தம்பி ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதைப் பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன், விதி அது.

“வாய்க்குப் பூட்டு, ஹாரனுக்கு மட்டும் சாவியா?” என்று தம்பியின் படகில் இருந்த டிக்கெட்காரர் கிண்டல் செய்வார்.

ஒரு காலை, வளைவில் திரும்பியதும் எதிரிலிருந்து மூன்று குட்டை ஊதல் வந்தது. ‘என் இன்ஜின் பின்னோக்கி ஓடுகிறது’ என்று அதற்குப் பொருள். அண்ணன் படகை நிறுத்திக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கை நீண்டது.

“நிக்கச் சொல்றாருண்ணே,” என்றார் டிக்கெட்காரர்.

“மூணு ஊதினா அவரு நிக்கிறாருன்னு அர்த்தம். நம்மள நிக்கச் சொல்றதா அர்த்தமில்ல.”

விதிப்படி சரியான வாதம். தம்பி ஒரு குட்டை ஊதல் ஊதி, வலப்பக்கம் திருப்பிக் கடந்து போனார். பின்னாலிருந்து ஐந்து குட்டை ஊதல் படபடவென்று வந்தது: உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை.

“இப்பதான் புரியலியாக்கும்,” என்று தம்பி சிரித்தார்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அண்ணனின் சாவுச் செய்தி வந்தது.

“ஈரல் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னதுமே ஆள் அனுப்புறேன்னேன் தம்பி,” என்றார் அண்ணி. “வேணாம், அம்மா சாகக் கெடந்தப்போ அவனுக்குச் சொல்லாம விட்டவன் நான், இத நானே சொல்றேன்னாரு. மறுநாள் சாயங்காலம் வந்து, வளைவுல பாத்துச் சொல்லிட்டேன், வருவான்னாரு. வாசலையே பாத்துட்டுக் கெடந்தாரு. நீங்க ஏன் வரல?”

சொல்லவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். செத்தவரைப் பொய்யராக்கத் தம்பிக்கு நா எழவில்லை.

“தப்புதான் அண்ணி.”

வேலைக்குத் திரும்பிய அன்று வளைவில் அண்ணனின் ஹாரன் நீளமாகக் கேட்டது. ஊதியவர் புது ஓட்டுநர். தம்பி பதில் ஊதினார். பிறகு இன்ஜினைப் பின்னோக்கி ஓடவிட்டு மூன்று முறை ஊதினார். சரக்குப் படகு உடனே பக்கத்தில் வந்து நின்றது.

“என்னண்ணே, ஏதும் கோளாறா?”

தம்பி அந்த ஜன்னலையே பார்த்தார்.

“ஒண்ணுமில்லப்பா. நீ போ.”