சாம்பிராணி குடித்த கம்ப்யூட்டர்கள்

அடித்து முடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்து வருவதற்காகத் திரையையே பார்த்திருந்த பெண்கள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்கள். மாட்டுங்காவில் ஒரு மாடி அறையில் நடந்த டைப்பிங் வகுப்பு அது. நான் அங்கே பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தேன். விரல் ஒரு வரியை முடித்துவிட்டு நிற்கும். அந்த வரியோ திரையில் ஒவ்வொரு எழுத்தாக, மூச்சு வாங்கிப் படியேறுகிறவர் மாதிரி வந்து சேரும். துடைப்பமும் கையுமாகக் கதவோரம் நின்று நானும் காத்திருப்பேன். அடித்த எழுத்து அதுவரை எங்கே கிடந்தது? இதை யாரிடமும் கேட்கவில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கேட்டால் சிரிப்பார்களோ என்று கூச்சம்.

வகுப்பை நடத்தியவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவிலேயே. ஆபீஸ் வேலையை விட்ட கையோடு, வந்த பணத்தில் எட்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். தாராவியிலிருந்து பெண்கள் வருவார்கள். பரீட்சை பாஸானால் ஒரு ஆபீஸில் நாற்காலி கிடைக்கும் என்ற ஆசை. பெட்டிகள் புதிதாக இருந்த காலத்தில் அறையே மழை பெய்கிற மாதிரி சடசடக்கும். சில வருஷம் போனதும் ஒவ்வொன்றாகச் சுணங்க ஆரம்பித்தன. சுவிட்சைப் போட்டால் விழித்துக்கொள்ளவே அவ்வளவு நேரம் பிடித்தது. "டீச்சர், ஸ்டார்ட் பண்ணிட்டு ஸ்டேஷன்ல போய் ஒரு வடா பாவ் தின்னுட்டு வந்துரட்டா?" என்று ஒரு பெண் கேட்டாள். "எனக்கும் ஒண்ணு வாங்கிண்டு வாடி, அப்பவும் இது எழுந்திருக்காது" என்றார் டீச்சர். பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பெண் அடுத்த மாதம் தாதரில் புதிதாகத் திறந்த வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

நெருளில் இருந்த டீச்சரின் மகன், எல்லாவற்றையும் பங்காரில் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார். பழைய சாமான் எடுக்கிற இடத்தைத்தான் இங்கே பங்கார் என்போம். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வருவதாகவும் சொல்லிவிட்டார். டீச்சர் என்னிடம் மட்டும் சொன்னார்: "அங்க போய் என்ன பண்றது அக்கா? பால்கனியில துணி காயறதைப் பார்த்துண்டு உட்காரணுமா? நேக்குக் கத்துக்கொடுக்கத்தான் தெரியும்." நான் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன்.

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சாமி படத்துக்குச் சாம்பிராணி போட்டதும், தூபக்காலை ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் காட்டுவோம். பெட்டிகள் சுணங்க ஆரம்பித்ததும் டீச்சருக்குக் கண் திருஷ்டி என்று பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டோம். பெட்டியின் பக்கவாட்டில் சல்லடை மாதிரி ஓட்டை இருக்குமே, அங்கே காட்டினால் புகை சர்ரென்று உள்ளே போகும். சாமியே இழுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். பெட்டிகள் இன்னும் சுணங்கின. நாங்கள் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டோம்.

அந்த வாரம் பங்கார்க்காரர் பார்க்க வந்தார். தாராவிக்காரர், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்று பார்க்க ஒரு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். கழற்றினவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார்.

"ஏ யம்மா, இது கம்ப்யூட்டரா, கோயில் கர்ப்பக்கிரகமா? வாசன ஆளத் தூக்குதே!"

எட்டிப் பார்த்தோம். உள்ளே சின்ன மின்விசிறி ஒன்று. அதன் இறக்கை தெரியவில்லை. சாம்பல் பூனை ஒன்று சுருண்டு படுத்த மாதிரி தூசி அப்பியிருந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. சாம்பிராணிப் பிசின்.

டீச்சர் முகத்தில் வெட்கம் வருமென்று நினைத்தேன். அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு விக்கலை. நாளன்னிக்கு வாங்கோ" என்று பங்கார்க்காரரை அனுப்பிவிட்டு மகனுக்குப் போன் போட்டார். "தூசி சேர்ந்தா பெட்டி ஏன்டா மெதுவாப் போகணும்?"

"அம்மா, சோடோ நா, விட்டுடேன். பழைய டப்பாவுக்கு இவ்ளோ ரிசர்ச்சா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

மகன் சொன்னதை டீச்சர் எனக்குச் சொன்னார். விசிறி அடைத்துக்கொண்டால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் எரிந்துபோகாமல் இருக்க அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சோம்பல் என்று நாங்கள் திட்டியது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் செய்ததா? மே மாத வெயிலில் தாராவியிலிருந்து நடந்து வரும்போது நானும் அப்படித்தானே வருவேன். அந்தத் தைரியத்தில் என் கேள்வியைக் கேட்டுவிட்டேன். "டீச்சர், அடிச்ச எழுத்து அதுவரைக்கும் எங்க கெடக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வியா இருக்கே!" என்று மறுபடி மகனுக்குப் போன் போட்டார். பெட்டி வேறு வேலையில் மூழ்கியிருந்தால், எழுத்துகள் உள்ளே வரிசையில் நிற்குமாம், ரேஷன் கடையில் நாம் நிற்கிற மாதிரி. ஒன்றும் தொலைந்து போகாதாம்.

ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பெட்டியாகத் தூசி எடுத்தோம். பிசினைத் துணியால் பதமாகத் துடைத்தோம். விசிறி அதுவரை போட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. ஆனாலும் விழித்துக்கொள்ள நேரம் பிடித்தது. டீச்சர் விடவில்லை. சுவிட்சைப் போட்டதும் யாரும் கூப்பிடாமலே எழுந்து வருகிறவை எவை என்று பார்த்தார். பெண்கள் ஏற்றி வைத்த விளையாட்டுகள், எதற்கென்றே தெரியாத என்னென்னவோ. வைரஸைப் பிடிக்கிறவை வேறு ஒரே பெட்டியில் இரண்டு. "ஒரு வாசலுக்கு ரெண்டு வாட்ச்மேன். ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்பட்டுண்டே பொழுதைப் போக்கறான்கள்" என்று ஒன்றை நீக்கினார். யார் யாருடையதோ கல்யாணப் படங்களும் சினிமாவும் இடம் கொள்ளாமல் அடைந்திருந்தன. அவற்றையும் எடுத்தார், படங்களை மட்டும் உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு.

அதற்கப்புறமும் ஒரு குறை இருந்தது. பெட்டி அன்றைக்கு இருந்த அளவேதான், இன்றைக்கு வருகிற புரோகிராம்கள் பெருத்துவிட்டன என்றார் மகன். இது எனக்கு விளக்காமலே புரிந்தது. எங்கள் தாராவி அறை சுருங்கவில்லை, மருமகளும் பிள்ளைகளும் வந்தபிறகுதான் கால் நீட்ட இடமில்லாமல் போனது. கடைசி மேஜையில் இருந்த பெட்டி என்ன செய்தும் எழவில்லை. அதிலிருந்த மெமரி என்ற சின்னப் பட்டையைக் கழற்றி, ரொம்பத் தவித்த பெட்டிக்குப் போட்டார் டீச்சர். போட்டதும் அது நிமிர்ந்துகொண்டது.

இப்போது செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். படியேறும்போது நின்று நின்றுதான் ஏறுகிறேன். இது தூசியா, கூப்பிடாமல் எழுந்து வரும் நினைப்புகளா, இல்லை காலத்தின் பாரமே கூடிவிட்டதா என்று யோசிப்பேன். டாக்டர் முட்டித் தேய்மானம் என்கிறார். இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடி டீச்சரின் மகன் வந்தார். டீச்சர் தலையில் துண்டு, மூக்கில் கரி.

"பங்கார்வாலா வந்தானா?"

"வந்தான். ஒண்ணை எடுத்துண்டு போனான்."

"ஒண்ணா? மத்ததெல்லாம்?"

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு. உன் பேரைத் தமிழ்ல அடி."

"அம்மா, எனக்குத் தமிழ் வாசிக்கவே வராது. டைப்பிங் எங்க?"

"பெட்டி ஸ்லோ, பெட்டி ஸ்லோன்னியே. இப்ப யாரு ஸ்லோன்னு பார்க்கலாம்."

மகன் ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு, முதல் எழுத்தைத் தேடினார். பெட்டி காத்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அந்த அறையில் முதல் தடவையாக. அவரும் சிரித்துவிட்டார். நெருள் பேச்சை அதற்குமேல் எடுக்கவில்லை. புது வகுப்புக்கு ஆள் சேர்க்கிறோம் என்று எழுதிய அட்டையை டீச்சர் என்னிடம் நீட்டினார். "அக்கா, இதைப் படிக்கட்டுல கட்டுங்கோ. தாதர் போறவா கண்ணுல படற மாதிரி." சணல் கயிறு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.