விரதகாலத்து எலிகள்

எங்கள் மாமனார் பிள்ளையார் கதைக்குக் காப்புக் கட்டினால் வீட்டில் எலிகளுக்குத்தான் கொண்டாட்டம். கார்த்திகையில் தொடங்கி இருபத்தொரு நாள் ஒருநேரச் சாப்பாடு, பின்னேரத்தில் கதை வாசிப்பு. அது சரி. ஆனால் அதோடு அவர் தானாகச் சேர்த்துக்கொண்ட சட்டம் ஒன்று இருந்தது. அந்த நாட்களில் பிள்ளையாரின் வாகனத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. எலிப்பொறியைச் சணல் கயிற்றால் சுற்றி, கூரை வளைமரத்தில் தூக்கிக் கட்டிவிடுவார். எந்த ஐயரும் அவருக்கு அப்படிச் சொன்னதில்லை. கேட்டால், "எங்கட ஊரிலை அப்பிடித்தான்" என்பார். அவருடைய ஊர்க்காரர் பலர் எங்கள் வாய்க்கால் ஓரமே குடியிருந்தார்கள். ஒருவர் வீட்டிலும் நான் அதைக் காணவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மாங்குளத்துக்கு உள்ளே ஒரு குளத்தின் கீழ்க் காணி கிடைத்துக் குடியேறிய குடும்பம். நான் கல்யாணம் முடித்து வந்து இரண்டாம் வருடம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். மாமனார் முன்னால் எனக்கு வாய் வராது. அந்த வீட்டு நியாயங்களையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டேன்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. வயலில் வெள்ளம் நின்றதும், வரம்புப் பொந்துகளில் கிடந்த எலிகள் எல்லாம் மேடு தேடி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. கூரைக் கிடுகுக்குள் எலி, நெல்மூட்டைக்குள் எலி. கிணற்றுக்கு அப்போது சுற்றுக்கட்டு இல்லை. ஒருநாள் வாளியோடு செத்த எலி வந்தது. மாமி அதை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு, "அவருக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை, பிறகு அதுக்கும் அந்தியேட்டிக் கிரியை செய்யோணும் எண்டுவார்" என்றார். படைத்த மோதகத்தில் பல் பட்டிருந்தது. மாமனாருக்குப் பெரிய சந்தோஷம். "பாத்தியளோ, வாகனம் வந்து சாப்பிட்டிருக்கு!" குசினியில் மூடி வைத்த சோற்றையும் வாகனம்தான் சாப்பிட்டது.

என் கணவர் உடைந்த வரம்பு கட்டுவதற்காக நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்றார். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். விரதம் முடிய இன்னும் சில நாள் இருக்கையில் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"இது வன்னிக் காய்ச்சல்" என்று மாமனார் தீர்ப்புச் சொல்லி, அலுமாரியில் பழசாகிக் கிடந்த கொயினாக் குளிசையை எடுத்துக் கொடுத்தார். இந்தப் பக்கம் மலேரியா இப்போது இல்லை என்று சுவருக்கு மருந்தடிக்க வருகிறவர்கள் சொல்லிப் போயிருந்தார்கள். "அவங்களுக்கென்ன தெரியும்?" என்றார். நாலாம் நாள் கண் மஞ்சளானது. மாமனார் உடனே கட்சி மாறினார். "செங்கமாரி. நான் முதலே நினைச்சனான்." கீழ்க்காய்நெல்லி அரைத்துப் பாலில் கொடுத்தோம். உப்பை நிறுத்தினோம். சலம் கழிக்கையில் தேத்தண்ணிச் சாயம் போலப் போனது. பிறகு அதுவும் குறைந்துவிட்டது. அன்றைக்குத்தான் மாமி அழுது கத்தி வண்டில் கட்டுவித்தார். மாங்குளம் சந்தி வரை வண்டில், அங்கிருந்து பஸ். மாமனாரோடு நானும் போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் இளம் ஆள். வயிற்றை அமத்தி, காலை அமத்தி, விரல்களை விரித்துப் புண்ணையும் பார்த்தார்.

"வயல் வேலையோ?"

"ஓம்" என்றார் மாமனார்.

"வீட்டு வளவிலை எலி இருக்கோ?"

மாமனார் சால்வையை இழுத்துச் சரிசெய்தார். "எலியோ? எங்கட வீட்டிலையோ? டொக்டர் ஐயா, நாங்கள் ஆசாரமான ஆக்கள்."

"அதில்லை ஐயா. எலியின்ரை மூத்திரத்திலை ஒரு கிருமி இருக்கு. அது தண்ணியிலை கலந்து, கால் புண்ணுக்குள்ளாலை உடம்புக்குப் போகும். அந்தக் காய்ச்சலெண்டால் இப்பவே பென்சிலின் ஊசி போடோணும். மற்றச் செங்கமாரிக்கு ஊசி தேவையில்லை, வீட்டிலை கிடந்து சுகப்படலாம். வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ."

"மருந்துக்குக்கூட ஒரு எலி இல்லை."

கட்டிலில் மஞ்சளாகக் கிடந்தவர் அவர் பெற்ற மகன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். ஆசாரம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நான் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இருக்கு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. டொக்டர் திரும்பினார்.

"என்ன தங்கச்சி?"

"இருக்கு ஐயா. கூரையிலை, நெல்லிலை, கிணத்திலை. விரதமெண்டு மாமா பொறியைக் கட்டித் தூக்கி வைச்சிருக்கிறார்."

டொக்டர் மாமனாரைப் பார்த்தார். "ஏன் ஐயா, எலிக்குக் காவலோ இருந்தனீங்கள்? பிள்ளையாருக்கு ஒரு எலி போதும். மிச்சத்தைப் பிடிச்சிருக்கலாமே."

பக்கத்துக் கட்டில்காரர் தன் நோயையும் மறந்து சிரித்தார். மாமனார் வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார். உடனே ஊசி போட்டார்கள். பிறகும் விடாமல் நேரத்துக்கு நேரம் போட்டார்கள். சில நாளில் சலம் தெளிந்து போனது. என் கணவர் கஞ்சி கேட்டார். "உப்புப் போட்டுத் தா" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமனார் வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னது ஒரே கதைதான். "என்ரை விரதந்தான் பிள்ளையைத் திருப்பித் தந்தது." எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டித் தேத்தண்ணி குடித்துப் போனார்கள். பென்சிலின் என்ற சொல் அவர் வாயில் ஒருநாளும் வரவில்லை. கிணற்றுக்குச் சுற்றுக்கட்டுக் கட்டினோம். அதுவும் அவருடைய யோசனையாம். என்னோடு மட்டும் கனகாலம் கதைக்கவில்லை. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

அடுத்த கார்த்திகையில் திரும்பவும் காப்புக் கட்டினார். சணல் கயிற்றோடு வந்து, பொறி இருக்கும் மாடத்தில் கைவிட்டுப் பார்த்தார். அங்கே இல்லை. நெல்மூட்டைகளுக்குப் பின்னால், தேங்காய்த் துண்டு வைத்து, காலையிலேயே நான் அதை எலிக்குப் பூட்டி வைத்திருந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை. கயிற்றை வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் கதை வாசித்துக்கொண்டிருக்கையில் மூட்டைப் பக்கம் பொறி அடித்தது. மாமனார் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குனிந்தபோது வாசித்த வரி அவருக்குத் தவறிவிட்டது. விரலை வைத்து மேலும் கீழும் தேடினார். பக்கத்தில் இருந்த எனக்கு அது எந்த வரியென்று தெரியும். எடுத்துக் கொடுக்கவில்லை.