ஐந்து புட்டித் தண்ணீர்

எங்கள் ஊர்க் கால்வாயில் நாளைக்கு என்ன நிறத்தில் தண்ணீர் ஓடும் என்று முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடுவேன். இதனால் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தனி மரியாதை இருந்தது. ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. நைனா வேலை முடிந்து வந்து கை கால் கழுவும்போது அவருடைய நகக்கண்களைப் பார்த்துக்கொள்வேன். நகம் பச்சையாக இருந்தால் மறுநாள் கால்வாய் பச்சை. சிவப்பாக இருந்தால் சிவப்பு. நைனா வேலை செய்த பட்டறையில் சாயத் தொட்டிகளை விடிந்த பிறகுதான் கால்வாயில் திறந்துவிடுவார்கள்.

ஆந்திராவில், புத்தூரிலிருந்து நகரி போகும் வழியில் எங்கள் ஊர். அதுவரை பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த எங்கள் தெருவுக்கு, தொண்ணூறுகளில் திடீரென்று வேறு வேலை கிடைத்தது. துணி வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது என்றார்கள். சுற்றுவட்டாரத்தில் விசைத்தறிகள் பெருகின. தறிகளுக்கு நூல் வேண்டும், நூலுக்குச் சாயம் வேண்டும். கால்வாயை ஒட்டி ஒரு சாயப்பட்டறை வந்தது. எங்கள் தெருவில் எட்டு வீட்டு ஆண்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். அதில் நைனா கொஞ்சம் பெரிய ஆள். எந்தத் தொட்டியில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சோடா என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது.

கால்வாய் நிறம் மாறுவதில் எங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஊதா நிறம் ஓடிய நாளில் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனோம். ஆனால் கீழ்மடை விவசாயிகளுக்கு ரசனை போதவில்லை. மாடுகள் கால்வாய்ப் பக்கமே தலை திருப்புவதில்லை, பயிர் கருகுகிறது என்று பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு நாள் கத்தினார்கள். மூன்றாம் நாள் கால்வாயில் பளிங்கு மாதிரித் தண்ணீர் ஓடியது. ஊரே பட்டறை ஓனரைப் புகழ்ந்தது. வருத்தப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். என் ஜோசியம் அதோடு படுத்துவிட்டது.

“நைனா, அந்தக் கலர் தண்ணியெல்லாம் இப்ப எங்க போவுது?” என்று கேட்டேன்.

“பட்டறைக் கொல்லையில தண்ணி வத்திப்போன போர் ஒண்ணு கீது இல்ல, அதுல உட்டுர்றோம்.”

“அங்கேருந்து?”

“அங்கேருந்து எங்க போவும்? மண்ணு துன்னுடும். மண்ணு துன்னாதது இன்னா கீது?”

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நிறங்களைத் தின்னும் மண் என்பது ஊதாக் கால்வாயைவிட அதிசயமாக இருந்தது. அப்படியானால் பூமிக்குள் எங்கேயோ பச்சையும் சிவப்பும் அடுக்கடுக்காக இருக்குமா என்று தோட்டத்தில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டியும் பார்த்தேன். பழுப்பு மண்தான் வந்தது.

அதற்கடுத்த ஆறேழு மாதங்களில் எங்கள் வீட்டில் சின்னச் சின்னத் தகராறுகள் நடந்தன. பருப்பு வேகவில்லை. பழைய பருப்பை விற்றுவிட்டான் என்று அம்மா கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். சோப்பு நுரைக்கவில்லை. அதற்கும் கடைக்காரர்தான் திட்டு வாங்கினார். கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மழை இல்லை, அதனால்தான் என்று வேறு யாரோ சொன்னார்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரையே குடித்தோம். நாள் முழுக்க உப்பு மூட்டைகளோடும் சோடாவோடும் புழங்கிய நைனாவின் நாக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அந்த வருடம் நான் ஏழாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. சயின்ஸ் மேடம் ‘நீட்டி காலுஷ்யம்’ என்று பலகையில் எழுதி, தண்ணீர் எப்படியெல்லாம் கெட்டுப்போகிறது என்று பாடம் நடத்தினார். மாடு கழுவுவது, சாக்கடை கலப்பது, வயலில் போடும் உரம், தொழிற்சாலைக் கழிவு. ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல, “இது எங்க ஊர்ல கீது மேடம்” என்று நான் எழுந்து நின்றேன். எல்லா வகையும் வைத்திருக்கும் ஊர் எங்களுடையது மட்டும்தான் என்பதில் எனக்கு ஒரே பெருமை. சயின்ஸ் கண்காட்சிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பு எனக்கே வந்தது.

“மஞ்சி நீள்ளு கூடா தே” என்றார் மேடம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தண்ணீரும் வேண்டுமாம்.

ஊறுகாய்ப் புட்டிகள் ஐந்தைத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டேன். எருமைகள் புரளும் ஏரியில் ஒன்று. டீக்கடைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்று. யூரியா போட்ட வயலின் வரப்போரத்தில் ஒன்று. கால்வாயில் ஒன்று. நல்ல தண்ணீருக்கு எங்கள் தெருக் கிணறு. வெயிலில் தூக்கிப் பார்த்தபோது கிணற்றுப் புட்டிதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. வெறும் தண்ணீரை யார் நின்று பார்ப்பார்கள் என்று, ஏரியில் அம்மாவின் பழைய புடவைத் துணியை விரித்து மீன்குஞ்சுகளும் பிடித்தேன். புட்டிக்கு ஒன்று. மிச்சத்தை ஒரு தூக்குவாளியில் வைத்துக்கொண்டேன்.

கண்காட்சியன்று காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சாக்கடைப் புட்டி மீன் மணியடிப்பதற்கு முன்பே செத்துப்போனது. அதைக் காட்டி எல்லோருக்கும் தெலுங்கில் விளக்கம் சொன்னேன். வயல் தண்ணீர் மீன் மந்தமாக இருந்தது. கலங்கிய ஏரித் தண்ணீரில் மீன் உற்சாகமாகச் சுற்றியது. கால்வாய் மீனும் அப்படியே. ஆனால் கிணற்றுப் புட்டியில் இருந்த மீன் மேலே வந்து வந்து வாயைத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு அசையவில்லை.

நோஞ்சான் மீன் என்று நினைத்து யாரும் பார்க்காதபோது அதை எடுத்துவிட்டு வாளியிலிருந்து வேறொன்றைப் போட்டேன். அதுவும் சாய்ந்தது. ஏன் என்ற கேள்வி ஒருபக்கம் குடைந்தது. இன்னும் ஒரு மீன் போட்டுப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. ஆனால் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் மீன் சாகிறது என்று எப்படிச் சொல்வது? கிணற்றுப் புட்டிச் சீட்டையும் கால்வாய்ப் புட்டிச் சீட்டையும் பிரித்து மாற்றி ஒட்டினேன். இரண்டுமே தெளிந்த தண்ணீர். யாருக்கும் தெரியாது. மேடம் வந்து பார்த்து, கால்வாய் என்று எழுதிய புட்டியில் மீன் செத்திருப்பதைக் கண்டு, அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினார்.

மத்தியானத்துக்கு மேல் நைனா வந்தார். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தலை வாரி, பட்டறையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தார். அவருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. “ஒவ்வொண்ணா சொல்லு பாப்பா” என்று புட்டிகள் முன்னால் கைகட்டி நின்றார்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கால்வாய் என்று சீட்டு ஒட்டியதைத் தொட்டு, “இது கால்வாத் தண்ணி” என்றேன்.

நைனா குனிந்து செத்த மீனைப் பார்த்தார். “இது எப்ப மொண்டது?”

“முந்தாநேத்து.”

“தப்பா சொல்றியே. கால்வாயில நாங்க ஒரு சொட்டு உட்றதில்ல. மீனு எப்பிடிச் செத்துச்சி?”

அவர் அதட்டவில்லை. இன்னும் குனிந்து, என் காதருகில் கேட்டார். “நெஜமா சொல்லு பாப்பா. இது எந்தத் தண்ணி?”

“நம்ம கெணறு” என்றேன். அழுகை வந்துவிட்டது. “சீட்டை மாத்தி ஒட்டிட்டேன் நைனா.”

அவர் புட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் விரலை விட்டு வைத்தார். இத்தனை நாள் தெரியாத ருசி அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. தேடிப் பார்த்ததால் தெரிந்ததோ என்னவோ. முதலில் மேடத்திடம் போனார். மகள் தண்ணீரை மாற்றிச் சொல்லிவிட்டாள் என்றும், கிணற்றுத் தண்ணீர்தான் அது என்றும் தெலுங்கில் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் வீட்டுக்கு வந்தபோது தெருவே கிணற்றைச் சுற்றி நின்றது. நைனா ராட்டினத்தையும் கயிற்றையும் கழற்றிக் கீழே போட்டிருந்தார்.

“இன்னாய்யா, புத்தி பெரண்டு போச்சா ஒனக்கு? சோறாக்க வேணாமா?” என்று அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

“யாரும் இதுல மொள்ளாதீங்க” என்றார் நைனா. “பட்டறைத் தண்ணி உள்ளாற வந்துகினு கீது. மண்ணு கலரைத்தான் துன்னுது. மிச்சத்த அப்பிடியே அனுப்பிடுது.”

“நீ கண்டியா அண்ணா? மழையில்லாம கரிக்குது. ஓனர் காதுல உழுந்தா எங்க பொழப்பும் போவும்” என்றார் பட்டறையிலேயே வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர்.

“நான்தான் சொல்றேனே. அந்தப் போர்ல உடலாம்னு ஓனருக்கு வழி காட்டுனதே நான்தான்.”

எனக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நான் சீட்டு மாற்றி ஒட்டியதைத் தெருவுக்குத் தெரியாமல் மறைக்க, பழியை நைனா தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போய் ஓனரிடம் போரை மூடச் சொன்னார். இனி வேலைக்கு வரவேண்டாம் என்று ஓனர் பதில் சொன்னார். தெருவில் பாதிப் பேர் நைனாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். பேசாதவர்களும் கிணற்றில் மொள்ளவில்லை என்பதை நான் கவனித்தேன். கடைசி வீட்டு அக்காவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அந்த அக்கா பட்டறை வாசலில் போய்ப் பிள்ளையோடு உட்கார்ந்தாள். அவளுக்குத் துணையாக அம்மா போனாள். அப்புறம் கீழ்மடைக்காரர்களும் வந்தார்கள். நாலைந்து மாதம் இழுத்து, ஒருவழியாகப் போரின் வாயை சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். கிணற்றுத் தண்ணீர் மட்டும் பழைய ருசிக்குத் திரும்பவில்லை.

அந்த மாதங்களில் நைனா தினமும் காலையில் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டிக்கொண்டு, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டக் கிணற்றுக்குப் போவார். ஒரு நடைக்கு நான்கு குடம். மூன்று நடை. முதல் குடம் கடைசி வீட்டு அக்காவுக்கு. அதற்கப்புறம் வரிசையாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குடம். அவரோடு பேசாதவர்கள் வீட்டு வாசலிலும் வைத்துவிட்டு, கூப்பிடாமல் வந்துவிடுவார். வேலை தேடி மெட்ராஸ் போய், அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்த பிறகும், லீவில் ஊருக்கு வந்தால் பையை வைத்துவிட்டு முதலில் சைக்கிளைத்தான் எடுப்பார்.

எங்கள் வீட்டுக் குடம் எப்போதும் கடைசியில்தான் வரும். தாகத்தில் எனக்குக் கோபமாக வரும். “மொதல்ல நம்ம ஊட்டுக்கு எறக்கினா இன்னா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அவங்கல்லாம் குடிக்கட்டும் பாப்பா” என்றார்.

அப்படிக் காத்திருந்து வாங்கும் குடமும் முக்கால்தான் நிறைந்திருக்கும். அதே சைக்கிளில் வந்த மற்ற வீட்டுக் குடங்கள் எல்லாம் வாசலில் இறக்கும்போது கழுத்துவரை தளும்பிக்கொண்டிருக்கும். எங்களுடையதை மட்டும் நைனா சரியாகக் கட்டுவதில்லை, அதனால் வழியில் சிந்திவிடுகிறது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.