மாரிக்கு யார் வீட்டு ரசம்?

இரண்டு சனிக்கிழமைக்கு முன்னால் ஆண்டாள் சந்நிதியில் நின்று நான் ஒரு மட்டமான வேண்டுதல் வைத்தேன்.

மட்டம் என்று இப்போது சொல்கிறேன். வைக்கும்போது ரொம்ப நியாயமாகத்தான் தெரிந்தது.

'தாயே, நாளைக்கு மேட்சில் மாரி எங்களுக்கு எதிராகக் கோல் போடக் கூடாது. அவன் காலுக்கு ஒன்றும் ஆக வேண்டாம். பந்து மட்டும் வெளியே போனால் போதும். அடுத்த சனிக்கிழமை துளசி மாலையோடு வந்து நிற்கிறேன்.'

புரட்டாசிச் சனிக்கிழமை. நெருக்கித் தள்ளும் கூட்டம். சுற்றிலும் எல்லோரும் மகளுக்கு வரன், வீட்டுக்காரருக்குச் சுகம் என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் கேட்டது இது. கேட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தால்... ஆண்டாள் கையில் கிளி. பச்சைக் கிளி!

எனக்குத் திக்கென்றது. மாரி இப்போது ஆடுகிற ஸ்ரீவில்லிபுத்தூர் ஃபுட்பால் கிளப்பின் சட்டையும் அதே பச்சைதான். நடுவராக இருக்க வேண்டியவளே ஒரு பக்கத்துக் கலரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் எங்கே போய் முறையிடுவது?

மாரி யார் என்று சொல்ல வேண்டும் அல்லவா? முழுப்பெயர் மாரீஸ்வரன். ஊர் வத்திராயிருப்பு. பத்தொன்பது வயதில் எங்கள் ராஜபாளையம் கிளப்புக்கு ஃபார்வர்டாக ஆட வந்தான். ஒன்பது வருடம் எங்கள் நீலச் சட்டையைப் போட்டு ஆடினான்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து வந்து ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சாப்பாட்டு வீடு. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் காலை இட்லி அந்த வீட்டில். சாயங்காலம் ஆடி முடித்ததும் சோறு அதே வீட்டில். எத்தனை வருடமானாலும் வீடு மாறாது. "யாருப்பா அந்த கோல்கீப்பர்?" என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டார்கள். "டெய்லர் வீட்டுப் பிள்ளை" என்பார்கள்.

மாரி எங்கள் வீட்டுப் பிள்ளை. மில்லில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பான். அதனால் நான் மதினி.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. மற்ற ஆட்டக்காரர்கள் முட்டையும் கோழியுமாகச் சாப்பிடுவார்கள். மாரிக்கு மிளகு ரசமும் அப்பளமும்தான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. "மதினி, இன்னும் ஒரு கரண்டி" என்று உள்ளங்கையைக் குவித்து நீட்டுவான். அதில் ரசத்தை வாங்கி உறிஞ்சிக் குடிப்பான். ஒரு புரட்டாசியில் அவன் தொடர்ந்து நாலு மேட்சில் கோல் போட்டபோது, அந்த நாலு கோலையும் போட்டது என் ரசம் என்று தெருவெல்லாம் சொன்னவள் நான்.

இந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள், மேட்ச் இல்லாத நாளில், வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"மதினி, பாப்பாவ ஸ்ரீவில்லிபுத்தூர்ல பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. வீட்டையும் அங்கயே மாத்திட்டோம். இனிமே அங்க குடியிருந்துகிட்டு இங்கன வந்து ஆடுறது தோதுப்படாது. அதான்... அந்த ஊரு கிளப்புலயே..."

"சரி" என்றேன். அடுப்படிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தும் அங்கேயே நின்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

"வீடு தேடி வந்த பிள்ளைக்கு ஒரு வாய் காப்பி குடுக்கணும்னு தோணலயா ஏட்டி ஒனக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"அதெல்லாம் அந்த ஊருக்காரவுக குடுப்பாக."

கொடுத்தார்கள்! அடுத்த மாதமே வீட்டுக்காரர் போனில் ஒரு போட்டோ வந்தது. பச்சைச் சட்டையில் மாரி. யார் வீட்டிலோ உட்கார்ந்திருக்கிறான். எதிரே தட்டு. ஒரு அம்மாள் குனிந்து பரிமாறுகிறார். அந்தக் கிளப்பும் எங்களைப் பார்த்து, உள்ளூரில் குடியிருக்கிறவனுக்கும் சேர்த்து, சாப்பாட்டு வீடு வைத்துவிட்டதாம். அந்த அம்மாளின் பெயர் கோதையாம். மாரி அவரைக் கோதையக்கா என்று கூப்பிடுகிறானாம்.

சட்டை மாறியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தத் தட்டைத் தாங்க முடியவில்லை. அதிலும் அக்கா! ஒன்பது வருடம் பொங்கிப் போட்ட நான் மதினியாம், நேற்று வந்தவர் அக்காவாம்.

டிவியில் பார்க்கிறேன். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கோல் போட்டதும் சட்டையில் இருக்கிற கிளப் சின்னத்தை இழுத்து முத்தமிடுகிறார்கள். அடுத்த வருடம் வேறு கிளப், வேறு சின்னம் — அதே உதடு. அந்த ஊர் ரசிகர்கள் கண்ணீர் விடுகிறார்கள், பழைய சட்டையைக் கொளுத்துகிறார்கள். முன்பெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பேன். ஒரு விளையாட்டுக்கு இப்படியா என்று. இப்போது சிரிப்பதில்லை.

சரி, மேட்சுக்கு வருகிறேன்.

ஞாயிறு சாயங்காலம், எங்கள் ஊர் மைதானம். பச்சைச் சட்டைக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மாரி இறங்கியதும் எங்கள் பக்கத்திலிருந்து கத்தினார்கள். "ஏலே பச்சக்கிளி! பால்கோவா இனிக்குதா?" அவன் தலையை நிமிர்த்தவில்லை. நானும் கத்தவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இடைவேளையில் எதிர்ப்பக்கம் பார்த்தேன். அந்தப் போட்டோ அம்மாள்! எவர்சில்வர் தூக்கைத் திறந்து எதையோ அவனுக்குக் கொடுக்கிறார்.

"என்னத்தங்க குடுக்கா? பால்கோவாவா இருக்குமோ? ஆடுற வயித்துக்குப் பால்கோவா குடுத்தா வெளங்குமா?"

"ஏட்டி, நீ மேட்சப் பாக்க வந்தியா, தூக்குவாளியப் பாக்க வந்தியா?" என்றார் வீட்டுக்காரர்.

நாங்கள் ஒரு கோல். அவர்கள் ஒன்றும் இல்லை. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்கள் டெய்லர் வீட்டுப் பிள்ளை, அந்த கோல்கீப்பர்தான், மாரியின் காலைத் தட்டிவிட்டான். பெனால்டி!

மாரியே பந்தை வைத்தான். ஒன்பது வருடமாக எனக்குத் தெரியும், பெனால்டி அடிக்கும் முன்னால் அவன் ஒரு தடவை வேப்பமரத்தடியைப் பார்ப்பான். அங்கேதான் நான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கும் தலையைத் திருப்பினான். எதிர்ப்பக்கம்! தூக்குவாளிப் பக்கம்!

எனக்கு வந்ததே ஒரு கோபம். 'தாயே, துளசி மாலை ஞாபகம் இருக்கா?' என்றேன் வாய்விட்டு.

பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் ஒரே கொண்டாட்டம். "நம்ம பிள்ளைலே! நமக்கு எதிரா அடிப்பானா? இதுல்ல விசுவாசம்!" என்று மாரியின் பெயரைச் சொல்லிக் குதிக்கிறார்கள். வந்தபோது பச்சக்கிளி என்று கத்திய அதே வாய்கள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவன் நமக்காக விட்டிருக்கிறான். நமக்காக என்ன... எனக்காக! என் ரசத்துக்காக! வீட்டுக்காரருக்காகக் கொண்டுபோயிருந்த ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டேன். ஆனியில் கொடுக்காத காப்பியை இப்போது கொடுக்க வேண்டும். எல்லோரும் பார்க்கக் கொடுக்க வேண்டும்.

அவன் புல்லில் உட்கார்ந்திருந்தான். சுற்றிப் பச்சைச் சட்டைக் கூட்டம். நான் காப்பியை நீட்டி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"என் கையால சாப்ட்ட பிள்ளையாச்சே! எங்களுக்கு எதிரா கோல் போட மனசு வருமாய்யா ஒனக்கு?"

சொன்ன பிறகுதான் கவனித்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. மாரி வேண்டுமென்றே விட்டானா இல்லையா என்று.

"கேட்டியாலே? அவியளே ஒத்துக்கிடுதாவ!" என்றார் தாடி வைத்த ஒருவர். "பழைய பாசத்துல நம்ம கழுத்த அறுத்துட்டான். அடுத்த மேட்சுக்கு இவன எறக்குனா ஒருத்தனும் வர மாட்டோம்."

மாரி என்னை நிமிர்ந்து பார்த்தான். காப்பியை வாங்கவில்லை.

"நீங்களுமா மதினி? நான் வேணும்னு விட்டேன்னா நெனைக்கிய?"

அப்போது கோதை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம்.

"செத்த நேரம் வாய மூடுங்கலே! ஒம்பது வருசம் வத்திராயிருப்புலருந்து வந்து நம்ம பஸ் ஸ்டாண்டுல எறங்கி, நம்ம ஆளுக கூப்பிடக் கூப்பிட, ராஜபாளையம் பஸ்ல ஏறிப் போனவன் இவன். அன்னைக்கி நமக்கு அசையாதவன் இன்னைக்கி இவியளுக்கு அசைவானா?"

அந்த பஸ் ஸ்டாண்டு கணக்கு எனக்கு ஒரு நாளும் தோன்றியதே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் ஊரைத் தாண்டித்தான் எங்களுக்கு ஆட வந்திருக்கிறான்!

கோதை என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. ஒங்களுக்கு ஆடயில ஒரு நாளாச்சும் வேணும்னு விட்டுக்குடுத்திருக்கானா?"

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒரு நொடி யோசித்தேன். பேசாமல் நின்றால் போதும். பச்சைச் சட்டை அவனைக் கழற்றி விட்டுவிடும். அடுத்த ஞாயிறு எங்கள் வாசலில் வந்து நிற்பான். இட்லி அவித்து வைக்கலாம்.

அவன் முகத்தைப் பார்த்தேன். பெனால்டி தவறியதற்கு அப்படி ஒரு முகம் வராது. நான் சொன்ன சொல்லுக்கு வந்த முகம் அது.

"இல்ல" என்றேன். "ஒரு நாளும் விட்டதில்ல. இன்னைக்கும் அவன் விடல. நாந்தான்..."

"நீங்க என்ன பண்ணிய?" என்றார் கோதை.

"அவன் பந்து வெளிய போவணும்னு நேத்து ஆண்டாள்ட்ட வேண்டிக்கிட்டேன். துளசி மாலை நேந்திருக்கேன்."

கோதை மெதுவாக வாயில் கை வைத்தார்.

"அடியாத்தே... நானும்தான நேத்து வேண்டிக்கிட்டேன்! மூணு கோலு விழணும்னு. நெய் வெளக்கு."

தாடிக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நம்ம ஊருலயே இருந்துகிட்டு, நம்மள விட்டுட்டு, ராஜபாளையத்துக்காரவுகளுக்கா வரம் குடுத்திருக்கா? மாரிய ஏம்லே ஏசுதிய? விசுவாசம் இல்லாதது ஆண்டாளுக்குல்லா!"

சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். கூட்டம் சிரித்துவிட்டது. அவரே கை கொடுத்து மாரியைத் தூக்கிவிட்டார்.

மாரி சிரிக்கவில்லை. ஆனால் காப்பியை வாங்கிக் குடித்தான். எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவன் வேண்டுமென்றே விட்டிருந்தால் அதற்குப் பெயர் விசுவாசமா? அப்படிப்பட்டவன் ஒன்பது வருடத்தில் எங்களையும் எங்கேயாவது விட்டிருப்பானே! அவன் போட்டிருக்கிற சட்டைக்கு ஆடுகிறான். கழற்றிய சட்டைக்கும் சேர்த்து ஆடு என்று கேட்பது நாம்தான். கேட்டுவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதும் நாம்தான். அதன் உண்மையான பெயர் எனக்குத் தெரியும். பொறாமை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கே தெரிகிறது.

தெரிந்தால் போய்விடுமா? போகவில்லை.

மறு சனிக்கிழமை துளசி மாலையோடு போனேன். 'கேட்டதைக் கொடுத்தாய், கேட்கத் தெரியாதவள் நான், மன்னித்துக்கொள்' என்று நீட்டினேன். வெளியே வந்தால், கோதை! கையில் நெய் விளக்குத் தட்டு.

"ஒங்களுக்குத்தான் கோல் விழலயே?" என்றேன்.

"விழலன்னா என்ன? ஏத்துறேன்னு சொன்னா ஏத்தணும்லா."

இந்த மாதிரி ஒருவர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இருந்தும் பட்டேன்.

அன்றைக்குத் தூக்கில் கொண்டுவந்தது என்ன என்று கேட்டேன். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறாம். ஒன்பது வருடமும் இடைவேளைக்கு நான் அவனுக்குக் கொடுத்துவந்த அதே சாறு. "இப்படித்தான் மதினி குடுப்பாவன்னு அவந்தான் சொன்னான்" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு உதவிம்மா. ஒங்க வீட்டு ரசத்துக்கு மெளகு எம்புட்டுப் போடுவிய? நானும் விதவிதமா வச்சுப் பாக்கேன். குடிச்சுட்டு, 'நல்லாருக்குக்கா... ஆனா மதினி ரசம் வேற'ங்கான்."

சந்நிதித் தெருவில் நின்றுகொண்டு அப்படிச் சந்தோஷப்படலாமா? பட்டேன். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பட்டேன்.

பாவம், நல்ல மனசுக்காரர். சீரகம் எவ்வளவு, பூண்டு எத்தனை பல், புளி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், கடைசியில் எப்போது இறக்க வேண்டும்... ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தேன்.

மிளகை மட்டும் அரை ஸ்பூன் குறைத்துச் சொன்னேன்.