கதவடியில் வைத்த பை

கீழ்வீட்டில் காஸ் அடுப்பு தீப்பிடித்த அன்று நாங்கள் எல்லோரும் கைக்கு அகப்பட்டதோடு படியிறங்கி ஓடினோம். சிவக்கொழுந்து அக்கா மட்டும் தலைகூடக் கலையாமல், தன் கறுப்புப் பையோடு வந்தார். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பில் அவருக்கு நான் வைத்த பெயர் 'கச்சேரி', கடதாசி குவிந்த அரசாங்க அலுவலகத்தின் பெயர். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரம், யுத்த காலத்துப் பொலிஸ் பதிவு என்று அந்தப் பைக்குள் இல்லாத கடதாசி இல்லை. பை எப்போதும் கதவடியில் இருக்கும்.

சிரித்தாலும் காரணம் எங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்து வெறுங்கையோடு கொழும்புக்கு வந்தவர். யுத்த காலத்தில் இங்கே சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்கள், கடதாசி போதாது என்று அவர் கணவர் நவரத்தினம் அண்ணரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணர் திரும்பி வந்துவிட்டார். அக்காவின் பயம்தான் போகவில்லை.

போன மாதம் ஒரு காலை அண்ணர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தலை அடிபட்டு, பேச்சுக் குழறியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிய நான் அவரைத் தாங்கி வெளியே கொண்டுவர, அக்கா பையை எடுத்தார். அந்தப் பதற்றத்திலும் வாசல் இரும்புக் கேற்றுக்கு இரண்டு பூட்டும் போட்டார். ஓட்டோவில் பறந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு இளம் டொக்டர் ஒருவர் ஓடிவந்தார். தலைக்குள் இரத்தம் கசிகிறது, உடனே ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்றார்.

"என்ன மருந்து, குளிசை குடிக்கிறவர்? இரத்தம் உறையாமல் இருக்க ஏதும் குடிக்கிறவரோ? அதுக்கு முதல்ல மாற்று மருந்து ஏத்தவேணும். இல்லாட்டி இரத்தம் நிக்காது."

"ஹார்ட்டுக்கு ஒரு சின்ன ரோஸ் குளிசை, டொக்டர். பேர் வாயில வருதில்லை."

சொல்லிக்கொண்டே அக்கா பையை, உட்கார்ந்திருந்த மர வாங்கில் கொட்டினார். உறுதி விழுந்தது. பிள்ளைகளின் சான்றிதழ்கள் விழுந்தன. குளிசைகள் வீட்டில் பிரிட்ஜுக்கு மேலே இருந்தன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மனிதன் சாகக் கிடக்கிறான், காணி உறுதி யாருக்கு? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு மேல்மாடி ஜவாஹிறாவுக்குப் போன் எடுத்தேன். அவளுடைய கணவர் பலீல் நானா சுத்தியலோடு ஓடினார்.

"ஒரு பூட்டு ஒடஞ்சிட்டு. மத்தது ஒடயுதில்லயே!" ஜவாஹிறா போனிலேயே அழுதாள்.

அக்கா போனைப் பறித்தார். "கேற்றையே உடையுங்கோ! வீடு போனாப் போகட்டும் பிள்ளை, எனக்கு அவர் வேணும்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பிறகு இரும்பு விழும் சத்தம் கேட்டது. மருந்தின் பெயரை ஜவாஹிறா எழுத்து எழுத்தாகச் சொல்ல, டொக்டர் போனைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. உள்ளே ஓடினார்.

மாற்று மருந்து ஏற்றி, அண்ணரை ஒப்பரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கொட்டிய கடதாசிகளை நான்தான் பொறுக்கினேன். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பின்னேரம் தாதி ஒருத்தி வெளியே வந்தாள். ஒப்பரேஷன் முடிந்தது, ஆனால் கண் திறக்கவில்லை, இப்போது எதுவும் சொல்லமுடியாது என்று சிங்களத்தில் சொன்னாள். அதே மூச்சில், பெட்ஷீட், உடுக்கச் சாரம், கழுவச் சவர்க்காரம், சாப்பாட்டுக் கோப்பை கொண்டுவரச் சொல்லிவிட்டு அடுத்த ஆட்களிடம் போனாள். அவர்களிடமும் அதையேதான் சொன்னாள்.

அக்கா என் கையை நோகப் பிடித்தார்.

"கோப்பை கேக்கிறா, ஆரணி. அவர் சாப்பிடுவார் எண்டபடியால்தானே கேக்கிறா?"

"ஓம் அக்கா," என்றேன். "வேற என்னத்துக்குக் கோப்பை?"