நர்ஸ் என்ற சொல்லைக் காணோம்

பழவேற்காடு கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டிலிருந்து காலேஜ் சேர்க்கை வரை எல்லா விண்ணப்பமும் என் கைவழியாகத்தான் போகும். என் கருத்தைச் சொல்லாமல் ஒன்றைக்கூட நிரப்பிக் கொடுத்ததில்லை. கெட்ட குணம்தான், விட்டுத் தொலைக்க முடியவில்லை.

அனிதா முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. மேஜைக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. பின்னால் அவள் அப்பா சுபாஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒடிசாவில் சிலிகா ஏரியில் மீன் பிடித்தவர். அங்கே பிழைப்பு படுத்துப்போய், மனைவி ஜமுனாவோடு இங்கே வந்துவிட்டார். வந்த இடத்திலும் ஏரி இருந்தது. ஆனால் இந்த ஏரியில் யார் எங்கே என்றைக்கு வலை போடுவது என்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. அந்த வரிசையில் உள்ளூர்க் குடும்பங்களின் பெயர்தான் இருக்கும். ஆகவே மனிதர் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கப் போனார், ஜமுனா நண்டுக் கொட்டகைக்குப் போனார். அனிதா பிறந்தது இங்கேதான்.

சுபாஷுக்குத் தமிழ் வராது என்பது ஊரறிந்த விஷயம். 'சரி', 'நாளைக்கு' என்று இரண்டே வார்த்தை. எங்கே போனாலும் மகள்தான் அவருக்கு வாய். அப்பாவை அவள் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள், ஒடியாவில் அப்படித்தானாம். நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவளும் சிரித்துவிட்டு, நாங்கள் சிரித்ததற்குக் காரணத்தை அவருக்கு ஒடியாவில் சொல்லுவாள்.

பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட வந்தாள். அது அம்மா அப்பா ஆசை. அவர்கள் இந்த ஊரில் பார்த்த வேலைகளிலேயே மின்விசிறிக்குக் கீழே நின்று செய்யும் வேலை அதுதான். "பொன்னேரி மீன்வளக் காலேஜுக்கும் ஒண்ணு போட்டு வைங்கக்கா" என்றாள். நண்டு முட்டை பற்றியும், முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் இறால் குறைவது பற்றியும் என் கடையில் பக்கம் பக்கமாக அச்செடுத்த பெண். எனக்கு ஏன் அப்போதே உறைக்கவில்லை என்று இன்றும் என் மேலேயே கோபமாக வருகிறது.

இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. ஒன்றை மட்டும் உறுதி செய்ய வேண்டும், அன்று மாலையோடு கெடு. ஜமுனாவுக்குக் கொட்டகையில் வேலை. அப்பாவும் மகளும் வந்தார்கள்.

"அப்பாகிட்ட சொல்லு. நர்ஸுக்குப் படிச்சா உடனே வேலை. நர்ஸுன்னா எந்த ஊருக்கும் போலாம். மீனப் படிச்சு இன்னா பண்றது, இங்க நாம பாக்காத மீனா? நர்ஸே போடலாம்னு அக்கா சொல்றாங்கனு சொல்லு."

அவள் சொன்னாள். சுபாஷ் தலையை ஆட்டினார்.

"பாப்பா மீன்வளமே போடச் சொல்றாருக்கா."

எனக்கு ஒடியா தெரியாது. ஆனால் நான் மூன்று தடவை நர்ஸ் என்றேன். அந்த வார்த்தைக்கு எந்த மொழியிலும் அதே சத்தம்தான். அவள் பேச்சில் அது ஒரு தடவைகூட வரவில்லை. 'மாச்ச' என்று மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. மாச்ச என்றால் மீன், அது ஒடியாக்காரர்கள் வேலை செய்யும் ஐஸ் கம்பெனிப் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும்.

"ஏ பொண்ணு, நா சொன்னதையா சொன்ன நீ?" என்று கத்தியேவிட்டேன். அனிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வுடுங்க மேடம், திட்டாதீங்க."

சொன்னது சுபாஷ். அச்சு அசல் பழவேற்காட்டுத் தமிழ். எனக்கு மவுஸ் கையிலிருந்து நழுவியது. அனிதாவும் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தாள்.

"பதினெட்டு வருசமா இங்க கீறேன், புரியாதா மேடம்? அவ பேசுனா நல்லாக் கீது, அதான் வுட்டுட்டேன்." இரண்டு விரல் இல்லாத இடது கையை மேஜைமேல் வைத்தார். ஐஸ் மிஷினில் போன விரல்கள். "அப்ப இவளுக்கு ஒம்பது வயசு. வெரல எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. இவ என்கிட்ட, தையல் போட்டா சரியாயிடும்னு சொல்றா. பயந்து மாத்திட்டா. இன்னிக்கு ஆசப்பட்டு மாத்திக்கிறா. இத்தினி வருசத்துல எனக்கு இது வேணும்னு ஒண்ணு கேட்டதில்ல மேடம்."

என் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"அவங்க அம்மா?"

"அவகிட்ட நா பேசிக்கிறேன். நீங்க இவளையே கேளுங்க."

நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன். பத்து வருடத்தில் இந்தப் பெண்ணிடம் நான் அவளுக்காக ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"உனக்கு இன்னா வேணும், அனிதா?"

அவள் அப்பா பக்கம் திரும்பி, பழக்கதோஷத்தில் அந்தக் கேள்வியை ஒடியாவில் சொல்ல ஆரம்பித்தாள்.

"என்னிய இல்லம்மா," என்றார் சுபாஷ். "உன்னத்தான் கேக்கறாங்க."